பிரசவ அறையில் திரும்பி வரும் பழைய பயம்: வில்லியனூர், பாகூர் கர்ப்பிணிகளிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

புதுச்சேரியில் வீட்டுப் பிரசவம் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது. 2019-21ல் நடந்த 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாடு முழுக்க 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. புதுச்சேரியில் இது 99 சதவீதத்துக்கும் மேல். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள கிராமத்துப் பெண்கள்கூட ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, அட்டை வாங்கி, ஸ்கேன் எடுத்து, கடைசியில் நகரத்து மருத்துவமனைக்குப் போய்ப் பிள்ளை பெறுகிறார்கள்.

அந்த அட்டையில் எடைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, ஹீமோகுளோபினுக்கு ஒன்று. முதல் பிரசவம் சிசேரியனா, ரத்தப்போக்கு இருந்ததா, குழந்தை இறந்து பிறந்ததா என்பதும் அதில் பதிவாகும். ஆனால் அந்த முதல் பிரசவம் அந்தப் பெண்ணை எப்படி உலுக்கியது என்பது பதிவாகாது. சின்ன வயதில் யாரோ தொட்டதால் இன்றும் உடம்பை யாரும் தொடக்கூடாது என்று நினைக்கிறாரா, வீட்டில் அடி வாங்குகிறாரா என்பதும் பதிவாகாது.

பழைய மனக்காயம் கர்ப்ப காலத்தில் ஏன் திரும்பி வருகிறது? அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் என்ன செய்ய முடியும்? கிராமத்து சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்ய வழி இருக்கிறதா?

மனக்காயம்னா என்ன?

உயிருக்கோ உடம்புக்கோ மானத்துக்கோ பெரிய ஆபத்து வந்து, அப்போது எதுவும் செய்ய முடியாமல் போன அனுபவத்தையே மருத்துவர்கள் மன அதிர்ச்சி என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது காலப்போக்கில் ஆறும். சிலருக்கு ஆறாது. நடந்தது மறுபடி மறுபடி கண்முன் ஓடும், தூக்கத்தில் விழிக்க வைக்கும். சில இடங்களையும் சில ஆட்களையும் தவிர்க்க வைக்கும். சின்ன சத்தத்துக்கும் திடுக்கிட வைக்கும். இது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் 'பி.டி.எஸ்.டி' என்கிறார்கள். தமிழில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு.

கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை இந்தக் காயம் முக்கியமாக 4 வழிகளில் வருகிறது. சிறுவயதிலோ பிறகோ நடந்த பாலியல் அத்துமீறல் ஒன்று. கணவர் வீட்டு வன்முறை இரண்டாவது. முந்தைய பிரசவத்திலேயே ஏற்பட்ட பயங்கரம், அதாவது அவசர சிசேரியன், அதிக ரத்தப்போக்கு, குழந்தை இறப்பு அல்லது பிரசவ அறையில் வாங்கிய திட்டும் அடியும் மூன்றாவது. நான்காவது சுனாமி, புயல், வெள்ளம் போன்ற பேரிடர்.

இவை அபூர்வமானவை கிடையாது. 5-வது தேசிய குடும்ப நல ஆய்வில், திருமணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் இது சுமார் 38 சதவீதம். கர்ப்பமாக இருந்தபோதே அடி வாங்கியதாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க 3.1 சதவீதம். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் பேட்டி எடுக்கப்பட்ட 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகக் கூறினார்கள். அன்று பள்ளியில் படித்த அந்தத் தலைமுறைதான் இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கிறது.

பல வருஷம் அமைதியா இருந்தது, இப்போ ஏன் வருது?

பழைய நிகழ்வை மூளை ஒரு கதையாக மட்டும் சேமித்து வைப்பதில்லை. ஒரு வாசனை, ஒரு தொடுகை, படுத்திருந்த நிலை, கதவு சாத்தும் சத்தம் என்று துண்டு துண்டாகவும் வைத்துக்கொள்கிறது. பல வருடம் கழித்து அதே மாதிரி ஒரு துண்டு எதிரே வந்தால், ஆபத்து மறுபடியும் வந்துவிட்டதாக உடம்பு நம்பிவிடும். இதயம் படபடக்கும், மூச்சு திணறும், கை கால் விறைக்கும்.

கர்ப்பமும் பிரசவமும் இப்படிப்பட்ட துண்டுகள் நிறைந்தவை. மல்லாந்து படுக்க வேண்டும். துணியை விலக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் தொடுவார். உள்பரிசோதனை நடக்கும். வலி தன் கட்டுப்பாட்டில் இருக்காது. "அசையாம படு", "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று யாரோ சொல்வார்கள். மருத்துவர் அதை நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அத்துமீறலுக்கு ஆளான பெண்ணுக்கு அதே வார்த்தைகளை வேறொருவர் வேறொரு நாளில் சொல்லியிருக்கலாம்.

முந்தைய பிரசவம் பயங்கரமாக அமைந்தவர்களுக்கு மருத்துவமனையே நினைவூட்டியாகிவிடும். டெட்டால் வாசனையும், டிராலி சக்கரத்தின் சத்தமும், பச்சைத் துணியும் போதும்.

பிரசவத்தைப் பற்றிய கடுமையான பயத்துக்கு 'டோகோஃபோபியா' என்று பெயர். 2000-ம் ஆண்டு பிரிட்டிஷ் மனநல ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் பரவலானது. முதல் பிரசவத்துக்கு முன்பே வரும் பயம் ஒரு வகை, மோசமான பிரசவ அனுபவத்துக்குப் பின் வருவது இன்னொரு வகை. "எனக்கு வலியே வேணாம், சிசேரியன் பண்ணிடுங்க" என்று வற்புறுத்தும் பெண்ணுக்குப் பின்னால் சில நேரம் இந்தப் பயம் இருக்கிறது. அதை நாகரிகம், சொகுசு என்று ஒதுக்கிவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வராது.

பிரசவ அறையில் இது எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தப்பாகத்தான் தெரியும். அதுதான் சிக்கல்.

சில பெண்கள் உள்பரிசோதனை என்றதும் தொடையை இறுக்கிக்கொள்வார்கள், கையைத் தட்டிவிடுவார்கள், கத்துவார்கள். "ஒத்துழைக்க மாட்டேங்குறா" என்று பேர் வந்துவிடும். அதட்டல் விழும். அதட்டினால் பயம் இன்னும் கூடும், உடம்பு இன்னும் இறுகும்.

வேறு சிலர் நேர் எதிர். ஒரு சத்தமும் வராது. கண் எங்கோ நிலைத்திருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. "நல்ல பொண்ணு, அமைதியா இருக்கா" என்பார்கள். உண்மையில் அந்தப் பெண்ணின் மனம் அந்த இடத்தைவிட்டே விலகிப் போயிருக்கலாம். தப்பிக்க வழி இல்லாதபோது மனம் எடுக்கும் கடைசித் தற்காப்பு அது. இந்தப் பெண்களை யாரும் கவனிப்பதில்லை.

செக்கப்பிலேயே அறிகுறிகள் தெரியும். காரணமில்லாமல் தேதி தவறிப் போவது, எடை, ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்க மட்டும் மறுப்பது, மாமியார் இல்லாமல் ஒரு வார்த்தை பேசாதது, தூக்கமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வது போன்றவை. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். அதனால்தான் ஊகிப்பதைவிடக் கேட்பது நல்லது.

எத்தனை பேருக்கு? குழந்தைக்கு என்ன ஆகும்?

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியான ஒரு கணக்கின்படி, பொதுவாகக் கர்ப்பிணிகளில் சுமார் 3.3 சதவீதம் பேருக்கும், பிரசவித்த தாய்மார்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கும் பி.டி.எஸ்.டி இருக்கிறது. முன்பு வன்முறையைச் சந்தித்தவர்கள், சிக்கலான பிரசவம் நடந்தவர்கள் போன்ற ஆபத்து அதிகமுள்ளவர்களில் இது 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது அந்தக் குழுவில் கிட்டத்தட்ட 5 பேரில் ஒருவர்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களான பெண்களின் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2014ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு முடிவைச் சொன்னார்கள். பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் பி.டி.எஸ்.டி இருந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் நேரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகமாக இருந்தது. மனசு சம்பந்தப்பட்டது மனசோடு நிற்பதில்லை என்பதற்கு இது ஒரு கணக்கு.

பக்கத்திலேயே ஒரு ஆய்வு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி ஆய்வாளர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி 3 மாதத்தில் சந்தித்து, பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்தார்கள். 2002ல் முடிவு வெளியானது. 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. ஆபத்தைக் கூட்டியவை என்று அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், பிரசவத்துக்குப் பின் கைமாற்றி உதவ ஆள் இல்லாதது. கிராமத்தில் எந்த வீட்டிலும் காணக்கூடிய விஷயங்கள்தான் இவை.

கவனிக்காமல் விட்டால் உயிரும் போகலாம். பிரிட்டனில், பிரசவமான 6 வாரத்துக்குப் பிறகு ஓராண்டுக்குள் தாயின் மரணத்துக்கு நேரடிக் காரணங்களில் தற்கொலை முதலிடத்தில் வந்திருக்கிறது. கேரளத்தில் தாய்மார் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் மருத்துவர்களும் தற்கொலையை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். ரத்தப்போக்காலும் வலிப்பாலும் நேரும் மரணங்களை மருத்துவம் குறைத்துவிட்ட இடங்களில் இது மேலே தெரிகிறது. மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்தைத் தாண்டிய புதுச்சேரிக்கும் இது பொருந்தும் எச்சரிக்கை.

அலை பார்த்த சிறுமிகள் இன்று தாய்மார்கள்

பாகூர் கொம்யூன் என்றால் ஏரியும் நெல்வயலும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் போன்ற கடற்கரைக் கிராமங்களும் அதில் அடக்கம். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் ஏறத்தாழ 600 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் காரைக்காலைச் சேர்ந்தவர்கள். அன்று 5 வயதாக இருந்த சிறுமிக்கு 2024ல் 25 வயது. கடலோரக் குப்பங்களில் இன்று கர்ப்பிணி அட்டை வாங்கும் பெண்கள் பலர் அந்தத் தலைமுறை.

சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரத்தில் நடந்த ஒரு விஷயம் இந்தப் பிரச்னையை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டியது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பல தாய்மார்கள் பெற்ற பிள்ளைகளை அலைக்குப் பறிகொடுத்தார்கள். மறுபடி கருத்தரிக்க வழி செய்யும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவும் என்று 2005ல் தமிழக அரசு அறிவித்தது. சிலர் கருத்தரித்தார்கள், சிலருக்குக் கைகூடவில்லை. அரசு செய்த பெரிய உதவி அது. ஆனால் ஒரு பிள்ளையைப் புதைத்த தாய் அடுத்த பிள்ளையைச் சுமக்கும்போது, சந்தோஷமும் துக்கமும் குற்ற உணர்வும் ஒரே நேரத்தில் வரும். "போன புள்ளையே திரும்பி வந்திருக்கு" என்று ஊர் சொல்லும். அந்த ஆறுதல் சிலரைத் தாங்கும், சிலருக்குப் பாரமாகும். இறந்த பிள்ளைக்காக அழ அவருக்கு இடம் இல்லாமல் போகும். குழாயை இணைக்கும் அறுவை சிகிச்சையோடு அந்த வேலை முடிந்துவிடுவதில்லை.

பேரிடர்கள் நிற்கவும் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது நகரத்தில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட நாட்களில் நிறைமாதக் கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பது வழக்கம். மழை வடிந்த பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதும் வழக்கமாக வேண்டும்.

தாய்வீட்டுப் பிரசவம்: நடுவில் அறுந்துபோகும் தொடர்பு

இங்கே உள்ளூர் வழக்கம் ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போவார். வில்லியனூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் தாய்வீடு விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கலாம். பாகூர் மருமகளின் தாய்வீடு கடலூர்ப் பக்கம் இருக்கலாம். தெருவுக்குத் தெரு புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும் பகுதி இது. மருத்துவ நிர்வாகம் மட்டும் இரண்டு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பதிவுக்கு 'பிக்மி' எண் வேண்டும், புதுச்சேரியில் பதிவு தனி.

அப்படியானால் 7 மாதம் பழகி நம்பிக்கை வந்த செவிலியர் ஒரு ஊரில், பிரசவம் பார்க்கும் மருத்துவர் வேறு ஊரில். முதல் செவிலியரிடம் தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயத்தைப் புது ஊரில், வலி எடுத்த நேரத்தில், மறுபடி முதலிலிருந்து சொல்ல எந்தப் பெண்ணாலும் முடியாது. அவரோடு கூடவே போவது கையில் இருக்கும் அட்டை மட்டும்தான்.

கேட்டா காயம் கிளறப்படாதா?

செவிலியர்களுக்கு வரும் நியாயமான தயக்கம் இது. மரியாதையாக, தனியாக, விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லலாம் என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தப்பாகக் கேட்டால்தான் கெடுதல். கணவர், மாமியார் முன்னால் கேட்பது, "என்ன நடந்துச்சு, யாரு, எப்போ" என்று விசாரணை போலத் தோண்டுவது, கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது, வெளியே போய்ப் பேசுவது ஆகிய நான்கும் கூடாது. கட்டாயப்படுத்தி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பலன் தருவதில்லை என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

குடும்ப வன்முறை குறித்து உலக சுகாதார நிறுவனம் 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லாப் பெண்களிடமும் எந்திரம் போலக் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஊழியரும், தனிமையான இடமும், அடுத்து அனுப்பி வைக்க வழியும் இருந்தால் கர்ப்ப காலப் பரிசோதனை அதற்கு ஏற்ற இடம் என்கிறது. காது கொடுத்துக் கேட்பது, தேவையை விசாரிப்பது, "உங்க மேல தப்பு இல்ல" என்று சொல்வது, பாதுகாப்பை உறுதி செய்வது, தொடர்ந்து துணை நிற்பது என்று 5 படிகளையும் சொல்லித் தருகிறது.

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தக் கேள்வி இப்படி இருக்கலாம்:

"செக்கப்லயோ பிரசவத்துலயோ உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கிற விஷயம் ஏதாவது இருக்காம்மா? முன்னாடி நடந்த எதையாவது மனசுல வச்சு நாங்க நடந்துக்கணும்னா சொல்லுங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்னு இல்ல. நாங்க எப்படி நடந்துக்கணும்னு மட்டும் சொன்னா போதும்."

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஒரு பெண்ணுக்கு உதவ அவருடைய முழுக் கதையும் தேவையில்லை. அட்டையில் எழுத வேண்டியதும் நடந்ததை அல்ல, செய்ய வேண்டியதை. "தொடுவதற்கு முன் சொல்லவும். உள்பரிசோதனையின்போது பெண் ஊழியர் உடனிருக்கவும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும்." இந்த 3 வரியை மாமியார் படித்தாலும் ரகசியம் எதுவும் வெளியாகாது. கடலூரிலோ விழுப்புரத்திலோ புது மருத்துவர் படித்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று உடனே புரியும்.

கர்ப்பிணி தானே என்ன செய்யலாம்?

செக்கப்புக்குப் போகும்போது, பயமுறுத்தும் விஷயங்களில் ஒன்றிரண்டை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம். வாயால் சொல்ல முடியாததைச் சீட்டு சொல்லும்.

ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனம் இதைச் சொல்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாணவர்கள் சூழ நிற்பது வழக்கம். "ஒருத்தர் மட்டும் பாருங்க" என்று கேட்பதில் தவறில்லை.

உள்பரிசோதனை எத்தனை முறை என்பதற்கும் கணக்கு உண்டு. சாதாரணமாக முன்னேறும் பிரசவ வலியில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்று 2018ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. "இது இப்போ அவசியமா டாக்டர்?" என்று கேட்கலாம்.

பழைய நினைவு திரும்பும்போது, இது அந்த நாள் இல்லை, இன்று என்று உடம்புக்கு உணர்த்த எளிய வழிகள் உண்டு. பாதத்தைத் தரையிலோ கட்டில் கம்பியிலோ அழுத்துவது, சுற்றிலும் தெரியும் 5 பொருட்களின் பெயரை மெதுவாகச் சொல்வது, மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுவது. 7-வது மாதத்திலிருந்தே பழகி வைத்தால் வலி நேரத்தில் கைகொடுக்கும்.

தூக்கமின்மை, கெட்ட கனவு, திடீர் படபடப்பு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். காயத்தை மையமாக வைத்துச் செய்யும் பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்திவிடக் கூடாது. சில மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும், சிலவற்றைத் தொடரலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

துணைக்கு ஒரு ஆள்

செலவே இல்லாத மருந்து ஒன்று உண்டு. அது பிரசவ அறையில் கூட நிற்கும் ஒரு நம்பிக்கையான ஆள். 17 நாடுகளில் 15 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை, தொடர்ந்து துணை இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைகிறது என்று கண்டது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்க 2016ல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் கொடுத்தது. பிரசவ அறைத் தரத்தை உயர்த்த 2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்‌ஷயா' திட்டமும் கண்ணியமான கவனிப்பை அளவுகோலாக வைத்திருக்கிறது.

துணை யார் என்பதைக் கர்ப்பிணியே தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மாவாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். யார் பக்கத்தில் இருந்தால் அவருக்கு மூச்சு சீராகிறதோ அவர்தான் சரியான ஆள்.

வீட்டில் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய வார்த்தைகளும் உண்டு. "நாங்க எல்லாம் பெக்கலையா?", "புள்ள மொகத்தப் பார்த்தா எல்லாம் மறந்துடும்" என்பவை ஆறுதலாகத்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் பயந்து நிற்கும் பெண் இனி வாயைத் திறக்க மாட்டார். "என்ன பண்ணா உனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்?" என்று கேட்பது நல்லது.

சொன்னா போலீஸ், கேஸ்னு ஆயிடுமா?

பலரை வாய் திறக்க விடாமல் செய்வது இந்தப் பயம். வயது வந்த பெண் தனக்கு நடந்ததைப் பற்றி மனநல ஆலோசகரிடம் பேசுவது புகார் ஆகாது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்துக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. தாய் மனநல சிகிச்சையில் இருந்தால், 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. "டாக்டர்கிட்ட போனா புள்ளைய பிரிச்சிடுவாங்க" என்ற பயம் தேவையில்லை.

18 வயதுக்கு உட்பட்ட சிறுமி கர்ப்பமாக வந்தால் நிலைமை வேறு. போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது மருத்துவரின் கடமை. கணவர் வீட்டு வன்முறைக்கு 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு கேட்கலாம். பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100, பெண்கள் உதவி எண் 181.

கிராமத்துல மனநல மருத்துவருக்கு எங்க போறது?

எல்லோருக்கும் மனநல மருத்துவர் தேவைப்படாது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு எளிய பேச்சு சிகிச்சையில் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளைப் பார்க்க வைத்தார்கள். குழந்தைக்கு 6 மாதமானபோது, அந்தப் பயிற்சி பெற்றவர்கள் பார்த்த தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு நீடித்தது. மற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கு நீடித்தது. 2008ல் வெளியான இந்த முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் பிறகு எல்லா நாடுகளுக்கும் கையேடாக்கியது. கேரளம் 'அம்மா மனசு' என்ற பெயரில் கர்ப்பிணிகளின் மனநலத்தைக் களப்பணியாளர்கள் வழியாகவே பார்க்கிறது. இலங்கை மருத்துவமனைகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கிறது. பெயரில் மனநலமும் இல்லை, வன்முறையும் இல்லை. அதனால் உள்ளே போகக் கூச்சம் குறைவு.

வில்லியனூர், பாகூர் பகுதிக்கு இன்னொரு வசதி உண்டு. ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற சுகாதார மையம் இருக்கிறது. கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஜிப்மரிலும் கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவுகள் செயல்படுகின்றன. இவ்வளவு மருத்துவர்கள் இவ்வளவு அருகில் இருக்கும் கிராமப்புறம் நாட்டில் அதிகம் இல்லை. தாய்மார்களின் மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ கேள்வித்தாளின் 10 கேள்விகளும் தமிழில் சரிபார்க்கப்பட்டு 2005-லிருந்தே கையில் இருக்கின்றன. அது மனச்சோர்வைத்தான் அளக்கும், பழைய காயத்தை நேரடியாகக் கேட்காது. ஆனால் பேச்சைத் தொடங்க அது உதவும். தற்கொலை எண்ணத்தைப் பற்றிய கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கர்ப்பிணியைக் குறைந்தது 4 முறையாவது சுகாதார நிலையம் நேரில் பார்க்கிறது. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி பிரதமரின் தாய்மைப் பாதுகாப்புத் திட்ட முகாமில் மருத்துவரும் பார்க்கிறார். இந்தச் சந்திப்புகளில் ஒன்றில், கூட வந்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டு 2 நிமிடம் ஒதுக்கினால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம். புதுக் கட்டடமோ புது இயந்திரமோ வேண்டியதில்லை. செவிலியருக்கு ஒருநாள் பயிற்சி, திரை போட்ட ஒரு மூலை, அட்டையில் 3 வரி எழுத இடம், பதில் வந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண் ஆகியவை போதும்.

அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் 'டெலி மனாஸ்' சேவையின் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். கர்ப்பிணி மட்டுமல்ல, அவருடைய அம்மாவோ கணவரோ செவிலியரோகூட அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108-ஐ அழைக்க வேண்டும்.